விண்வெளிப் பட்டாளத்தின் கவாத்து

விஞ்ஞானக் கதைகளில் யுத்தம் நடக்கும் பக்கங்களை நான் வேகமாகப் புரட்டிவிடுவது வழக்கம். கிரகம் வெடிக்கும், கப்பல் எரியும், கதாநாயகன் தப்பித்துக்கொள்வான். ஒரு நாவலின் யுத்தத்துக்கும் இன்னொரு நாவலின் யுத்தத்துக்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம். ஆனால் யுத்தத்துக்கு முன்னால் வருகிற அத்தியாயங்களை, அதாவது பையன்களைக் கொண்டுவந்து, தலைமயிரைக் கத்தரித்து, வரிசையில் நிறுத்திச் சிப்பாய்களாக ஆக்குகிற அத்தியாயங்களை, நிதானமாகப் படிப்பேன். ஆசிரியருக்கு மனிதர்களைத் தெரியுமா, இயந்திரங்களை மட்டும்தான் தெரியுமா என்பது அங்கே வெளியாகிவிடும்.

இதை எழுதத் தூண்டியது ஒரு கையெழுத்துப் பிரதி. நான் வசிப்பது மணலி புதுநகரில். பெருநகர வளர்ச்சிக் குழுமம் மனை பிரித்துக் கொடுத்து உண்டான ஊர் இது. ஒரு பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை. இன்னொரு பக்கம் கொசஸ்தலை ஆறு. நடுவே துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலை. எங்கள் தெருவில் ஐந்தாறு கல்லூரிப் பையன்கள் சேர்ந்து ஒரு விளையாட்டு விளையாடுகிறார்கள். சீட்டும் இல்லை, பந்தும் இல்லை. ஆளுக்கு ஒரு பெயரும் பதவியும் வைத்துக்கொண்டு, விண்வெளியில் போரிடும் ஒரு பட்டாளத்தில் இருப்பதாகப் பாவித்து மணிக்கணக்கில் பேசுகிறார்கள். ஒருவன் நிலைமையைச் சொல்கிறான்; மற்றவர்கள் என்ன செய்வோம் என்று சொல்கிறார்கள்; பகடை உருட்டிப் பலன் பார்க்கிறார்கள். வெளிநாடுகளில் இது பெரிய பழக்கம் என்று கேள்வி. அவர்களில் ஒருவன் தங்கள் பட்டாளத்துக்கான 'காலாட்படை அடிப்படைப் பயிற்சி' என்று நாற்பது பக்கம் தமிழில் எழுதி, திருத்திக் கொடுக்கும்படி என்னிடம் கொண்டுவந்தான்.

திருத்துவதற்கு அதில் எழுத்துப் பிழைகளைத் தவிர அதிகம் இல்லை. பையன் கெட்டிக்காரன். காற்று இல்லாத இடத்தில் சத்தம் கேட்காது, ஆகையால் கட்டளைகள் எல்லாம் கைச்சாடையில் இருக்கவேண்டும் என்று யோசித்திருக்கிறான். எடை இல்லாத இடத்தில் துப்பாக்கி சுட்டால் சுடுகிறவனையே பின்னால் தள்ளும். ஆகவே முதல் வாரம் முழுவதும் சுடக் கற்பதில்லை, பிடித்துக்கொள்ளத்தான் கற்கவேண்டும் என்கிறான். இருவர் இருவராக முன்னேறும்போது ஒருவன் சுட, மற்றவன் ஓட, ஓடினவன் மறைந்துகொண்டு சுட, சுட்டவன் ஓட வேண்டும் என்ற பாடம், இன்றும் எல்லா நாட்டுக் காலாட்படையிலும் உள்ள பாடம்தான். அதை எந்த ராணுவப் புத்தகத்தையும் பார்க்காமல் எழுதினானா, பார்த்து எழுதினானா என்று நான் கேட்கவில்லை.

ஒன்றுதான் கேட்டேன். "தம்பி, பன்னிரண்டு வாரமும் முடிகிறபோது தேறாதவன் என்ன ஆவான்?"

"அவன் ஆட்டத்தை விட்டுப் போயிருவான் சார்" என்றான், இது ஒரு கேள்வியா என்கிற மாதிரி.

அவன் பேரில் தப்பில்லை. இந்த வகை எழுத்துக்குத் தகப்பனார் என்று சொல்லத்தக்க நாவலிலேயே அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

ராபர்ட் ஹைன்லைன் 1959ல் வெளியிட்ட 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' என்ற நாவலைச் சொல்கிறேன். அமெரிக்காவில் விஞ்ஞானக் கதைகளுக்குத் தரப்படும் ஹ்யூகோ பரிசு 1960ல் அதற்குக் கிடைத்தது. பின்னால் வந்த எத்தனையோ விண்வெளிப் பட்டாளங்கள் அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். சிப்பாய் அணியும் இயந்திரக் கவசம், வானத்திலிருந்து ஒவ்வொருவராக உதிர்ந்து இறங்குவது, பூச்சி இனத்தோடு சண்டை எல்லாம் அதிலிருந்து எடுத்துப் பலர் ஆண்டுவிட்டார்கள். ஆனால் அந்த நாவலின் உயிர் அந்தச் சாமான்களில் இல்லை. ஜுவான் ரீக்கோ என்ற பணக்கார வீட்டுப் பையன் சிநேகிதனைப் பார்த்துப் பட்டாளத்தில் சேர்ந்து, கர்ரி முகாமில் படுகிற பாட்டில்தான் இருக்கிறது.

அந்தப் பகுதியை நான் மூன்று தடவை படித்திருக்கிறேன். மூன்று தடவையும் ரஸித்தேன் என்பதை மறைப்பதில் பயனில்லை. ஸிம் என்று ஒரு ஸார்ஜண்ட் வருகிறார். முதல் நாள் காலை வரிசையில் நிற்பவர்களைத் தன்னோடு சண்டைக்குக் கூப்பிட்டு, வந்தவர்களை அடித்துப் போடுகிறார். ஆனால் அவர் முரடர் இல்லை. அணுகுண்டு இருக்கிற காலத்தில் கத்தி வீசக் கற்றுக்கொள்வானேன் என்று ஒரு பையன் கேட்கும்போது அவர் கோபித்துக்கொள்வதில்லை. யுத்தம் என்பது கொல்வதற்காகக் கொல்வது அல்ல, ஒரு காரியத்துக்காக அளந்து செலவிடுகிற பலாத்காரம் என்று விளக்குகிறார். இதைவிடத் தெளிவாகச் சொன்ன ராணுவக் கல்லூரி ஆசிரியர்கள் அதிகம் இருக்கமாட்டார்கள்.

பிறகு அதே பையன், ஹென்ட்ரிக், பயிற்சியின்போது ஸிம்மைக் கைநீட்டி அடித்துவிடுகிறான். மேலதிகாரியை அடித்தால் தூக்குத் தண்டனை வரை போகலாம். பத்துக் கசையடியோடு பட்டாளத்தை விட்டு வெளியேற்றுகிறார்கள். அன்று ராத்திரி கதாநாயகன் தற்செயலாக ஒட்டுக்கேட்கிறான். உள்ளே ஸிம்மும் காப்டனும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்: அடி விழும்படி அவ்வளவு அருகில் இருந்ததும், விலகாமல் போனதும் தன் குற்றம் என்று ஸிம் சொல்கிறார், இல்லை, என் குற்றம் என்கிறார் காப்டன். உபாத்தியாயர் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி சுருக்கென்று தைக்கும். இதை எழுதினவர் மனிதர்களைத் தெரியாதவர் அல்ல.

ஆனாலும் நாவலின் கணக்கை ஹைன்லைனே கொடுத்துவிடுகிறார்: முகாமில் ஆரம்பித்தவர்கள் 2009 பேர், தேறி வெளியே வந்தவர்கள் 187 பேர். பதினான்கு பேர் செத்துப்போனார்கள், அதில் ஒருவன் தூக்கில். மற்றவர்கள்? விலகினார்கள், விலக்கப்பட்டார்கள், வேறு வேலைக்கு மாற்றப்பட்டார்கள். ஒரே வாக்கியத்தில் ஆயிரத்து எண்ணூறு பேர் கதையைவிட்டு இறங்கிவிடுகிறார்கள். ஒருவனும் ஊர்ப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பதில்லை. ஒருவன் அம்மாவும் வாசலில் நின்று "என்னப்பா, வந்துட்டே?" என்று கேட்பதில்லை. அந்த உலகத்தில் ஓட்டுரிமை உண்டு, ஆனால் சேவையை முடித்தவனுக்கு மட்டும். ஆகையால் அந்த ஆயிரத்து எண்ணூறு பேரில் விலகினவர்கள் ஆயுள் முழுவதும் பிரஜை ஆகாமலே இருக்கப்போகிறார்கள். நாவலாசிரியனுக்கு இதைவிடப் பெரிய விஷயம் வேறு என்ன வேண்டும்? அவர் அதைத் தொடவில்லை. 187 பேரோடு அணிவகுத்துப் போய்விட்டார். நம்மையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்பதுதான் அவருடைய சாமர்த்தியம். பயிற்சியில் ஜெயிப்பவனோடு சேர்ந்து வாசகனும் ஜெயித்துவிடுகிறான். கடைசி அணிவகுப்பில் நாமும் முதுகை நிமிர்த்துகிறோம். எதற்காக யுத்தம், பூச்சிகள் நமக்கு என்ன செய்தன என்ற கேள்விகள் அந்த நிமிர்வில் கரைந்துபோகின்றன.

கடைசியில் கதாநாயகனின் தகப்பனாரும், பையன் சேர்ந்ததை எதிர்த்தவர், அதே பட்டாளத்தில் வந்து சேர்ந்துவிடுகிறார். இந்த இடத்தில் நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். எதிர்த்துப் பேச வீட்டில் இருந்த ஒரே ஆளையும் காக்கி உடுப்புப் போட்டு வரிசையில் நிறுத்திவிட்டால் விவாதம் முடிந்துவிடுமா?

ஹைன்லைன் கடற்படைக் கல்லூரியில் படித்து 1929ல் தேறியவர். க்ஷயரோகம் வந்து 1934ல் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். போர்முனையைப் பார்த்ததில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பார்க்காததை எழுதத்தான் கற்பனை. ஆனால் பயிற்சியின் சந்தோஷம் தெரிந்து, அதற்கப்புறம் வருவது தெரியாத ஒருவர் எழுதிய புத்தகம் இது என்று எனக்குப் படுகிறது. தகுதி இருந்தும் வெளியே அனுப்பப்பட்டவனுடைய ஏக்கம் அதில் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. விசித்திரம் என்னவென்றால், தானே அப்படி அனுப்பப்பட்டவராக இருந்தும் அனுப்பப்பட்டவனை அவர் எழுதவில்லை.

கவாத்து என்பது சின்ன விஷயம் அல்ல. ஐரோப்பாவில் நாஸோவின் மாரிஸ் என்ற டச்சுப் பிரபு துப்பாக்கி பிடிப்பதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு கட்டளைச் சொல் வைத்தார். 1607ல் அதைப் படம் படமாகப் போட்டுப் புத்தகமாகவே வெளியிட்டார்கள். அன்றிலிருந்து சிப்பாய் என்பவன் பிறப்பதில்லை, செய்யப்படுகிறான். நம் ஊருக்கு அது கம்பெனியார் மூலமாக வந்தது. 1748ல் வந்த ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் இங்குள்ள ஆட்களைச் சேர்த்து ஐரோப்பியக் கவாத்துப் பழக்கினார். இன்று வெலிங்டனில் மையம் வைத்திருக்கும் மதராஸ் ரெஜிமெண்ட் தன் வயதை 1758லிருந்து கணக்கிடுகிறது. ஆட்களைச் செய்யலாம் என்று தெரிந்ததும், எவ்வளவு தூரம் செய்யலாம் என்ற ஆசை அதிகாரிகளுக்கு வருவது இயற்கை. நெற்றியில் சின்னம் கூடாது, தாடி கூடாது, தோல் வைத்த புதுத் தலைப்பாகைதான் கட்டவேண்டும் என்று சென்னை ராணுவத்தில் உத்தரவு போட்டார்கள். 1806 ஜூலை 10ந் தேதி விடியுமுன் வேலூர்க் கோட்டையில் துப்பாக்கிகள் வெடித்தன. ஆற்காட்டிலிருந்து குதிரைப் படை வந்து அன்றைக்கே அடக்கிவிட்டது. உத்தரவைப் பிறகு வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். திப்புவின் பிள்ளைகள் கோட்டையில் சிறை இருந்தது முதலான வேறு காரணங்களும் சேர்ந்துதான் இருந்தன. ஆனாலும் ஒரு விஷயம் தெளிவு. அந்தச் சிப்பாய்கள் வருஷக் கணக்காகக் கவாத்துக்குக் கையைக் கொடுத்தார்கள், காலைக் கொடுத்தார்கள். நெற்றியைக் கேட்டபோது கொடுக்க மறுத்தார்கள்.

இந்த எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று தேடுகிற நாவல்தான் எனக்கு உயர்ந்த நாவல். ஹைன்லைனின் ரீக்கோவுக்கு அப்படி ஒரு கோடே கிடையாது. அவன் பிலிப்பைன்ஸ்காரன் என்பது, வீட்டில் தகலாக் பேசுகிறவன் என்பது, புத்தகம் முடியப்போகிற இடத்தில்தான் தெரிகிறது. இதைப் பெருந்தன்மை என்று பலர் மெச்சியிருக்கிறார்கள். எந்த இனமும் சமம் என்று காட்டுகிறாராம். இருக்கலாம். எனக்கு அது வேறுமாதிரியும் படுகிறது. ஒரு மனிதனுடைய தாய்பாஷை என்ன என்று முந்நூறு பக்கம் தெரியாமலே அவனைப் பற்றிப் படிக்க முடிகிறது என்றால், கவாத்து எவ்வளவு சுத்தமாக வேலை செய்திருக்கவேண்டும்!

ஹைன்லைனுக்கு முதல் பதில் 1965ல் ஹாரி ஹாரிஸன் எழுதிய 'பில், த கலாக்டிக் ஹீரோ'. இது கேலி நாவல். பில் என்ற விவசாயக் குடும்பத்துப் பையன், உரம் போடும் தொழில்நுட்பம் படிக்கவேண்டும் என்பது அவன் வாழ்க்கை லட்சியம். எங்கள் ஊர்ப் பையன்கள் பலருக்கு உரத் தொழிற்சாலையில் ஒரு பயிற்சி இடம் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அறிந்தவர்கள் இங்கே சிரிக்கமாட்டார்கள். வாத்தியமும் சிவப்பு உடுப்புமாக வந்த ஆள்சேர்ப்புக்காரர்கள் அவனுக்கு மயக்க மருந்து கலந்த பானத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். கவாத்துச் சொல்லிக்கொடுப்பவனுக்குக் கோரைப்பல் முளைத்திருக்கிறது. கேலி சில இடங்களில் கூச்சலாகிவிடுகிறது, நடுப்பகுதி தொய்வு. ஆனால் கடைசிப் பக்கம் இருக்கிறதே, அதற்காக மற்றதை மன்னிக்கலாம். பில் இப்போது தானே ஆள்சேர்ப்புக்காரன். தன் சேவைக் காலத்தில் கொஞ்சம் குறையும் என்று, ஊருக்கு வந்து, தன் சொந்தத் தம்பியையே பிடித்துக்கொண்டு போகிறான். அம்மா அழுகிறாள். ஹைன்லைனில் தகப்பன் வந்து சேருகிற காட்சிக்கு இதைவிடச் சரியான பதிலை எந்த விமர்சகனாலும் எழுதியிருக்க முடியாது.

இரண்டாவது பதில் ஜோ ஹால்டெமன் எழுதியது. 'த ஃபாரெவர் வார்', 1974. இவர் வியட்நாமில் சப்பர் வேலை பார்த்துக் காயம்பட்டுத் திரும்பியவர். அதனால்தானோ என்னவோ, இவருடைய முகாமில் வீராவேசம் கிடையாது. சலிப்பும் குளிரும் பயமும்தான். நாவல் தொடங்குவதே சத்தமில்லாமல் ஆளைக் கொல்வது பற்றிய வகுப்பில். சொல்லிக்கொடுக்கிறவனுக்கும் கேட்கிறவர்களுக்கும் வயதில் அதிக வித்தியாசம் இல்லை; எல்லாருக்கும் தூக்கம் வருகிறது. பிறகு சரோன் என்ற உறைந்த கிரகத்தில் கவசம் போட்டுப் பழகுகிறார்கள். (அவர் கற்பித்த கிரகம் அது. 1978ல் ப்ளூட்டோவுக்கு ஒரு சந்திரனைக் கண்டுபிடித்து நிஜமாகவே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள்.) அங்கே ஒரு தப்படி வைத்தால் சாவு. பயிற்சியிலேயே பலர் சாகிறார்கள். யாரும் அதற்குப் பிரசங்கம் செய்வதில்லை.

முதல் சண்டை வரும்போது ஹால்டெமன் ஒரு காரியம் செய்கிறார். சிப்பாய்களின் மனசில் முன்பே ஹிப்னாடிஸத்தால் புதைத்து வைத்திருந்த வெறுப்பை ஒரு கட்டளைச் சொல்லால் கிளப்பிவிடுகிறார்கள். கதாநாயகன் மான்டெல்லா படித்தவன், அந்த வெறுப்பு பொய் என்று அவனுக்குத் தெரியும், தெரிந்தும் கொல்கிறான். எதிரிகளுக்கோ நேருக்கு நேர் சண்டை போடவே தெரியவில்லை. இந்த ஹிப்னாடிஸம் அதிகப்படியான கற்பனை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. இரண்டாவது உலக யுத்தத்தில் போர்முனையில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் கால்வாசிப் பேருக்கு மேல் துப்பாக்கியைச் சுடவில்லை என்று எஸ்.எல்.ஏ. மார்ஷல் என்பவர் 1947ல் எழுதினார். அந்தக் கணக்கு சரியில்லை என்று பின்னால் வந்த ஆராய்ச்சிக்காரர்கள் காட்டிவிட்டார்கள். ஆனால் அதற்குள் பயிற்சி முறைகள் மாறிவிட்டன. வட்டம் போட்ட பலகையைப் பார்த்துச் சுடுவதற்குப் பதில், திடீரென்று எழுந்து நிற்கிற மனித உருவத்தைப் பார்த்து, யோசிக்காமல் சுடப் பழக்கினார்கள். சொல் வேறு, காரியம் ஒன்றுதான்.

ஆனால் ஹால்டெமனை நான் மெச்சுவது அதற்காக அல்ல. மான்டெல்லா ஊருக்குத் திரும்பி வருகிறான். ஒளியின் வேகத்தை ஒட்டிப் பிரயாணம் செய்ததால் அவனுக்கு இரண்டொரு வருஷம் கழிந்திருக்கிற சமயத்தில் பூமியில் பல வருஷங்கள் ஓடிவிட்டன. அவன் கற்ற வித்தை எதற்கும் அங்கே உபயோகமில்லை. அவனுக்கும் அவனுடைய சிநேகிதிக்கும் நிற்க இடமில்லை. திரும்பவும் போய்ப் பட்டாளத்திலேயே சேர்ந்துவிடுகிறார்கள். பயிற்சி முடிகிற இடம் முகாமின் வாசல் அல்ல, வீட்டின் வாசல் என்று கண்டுகொண்ட விஞ்ஞானக் கதை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். ஆர்ஸன் ஸ்காட் கார்டின் 'எண்டர்ஸ் கேம்' (1985) பிரசித்தமானது. பிள்ளைகளை விளையாட்டு என்று சொல்லி நிஜ யுத்தத்தையே நடத்தவைக்கிற அந்த யுக்தி பிரமாதம்தான். ஆனால் அந்தப் பையன் மேதை. மேதைகளைப் பற்றி எழுதுவது சுலபம், 1.6 கிலோமீட்டரை ஐந்தே முக்கால் நிமிஷத்தில் ஓடுகிறவனைப் பற்றி எழுதுவதுதான் கஷ்டம்.

அந்த ஐந்தே முக்கால் நிமிஷத்துக்கு வருமுன் தமிழைப் பற்றி நாலு வார்த்தை. நம் நாவல்களில் வீரர்கள் தயாராகவே வந்து சேருகிறார்கள். 'சிவகாமியின் சபத'த்தில் வாதாபி மேல் படையெடுக்க மாமல்லர் ஒன்பது ஆண்டுகள் தயார் செய்கிறார். அந்த ஒன்பது ஆண்டுகள் எங்கே? ஒரு பாகத்துக்கும் அடுத்த பாகத்துக்கும் இடையே உள்ள வெற்றுத் தாளில் கழிந்துவிடுகின்றன. கல்கிக்கு அது வேண்டியிருக்கவில்லை. அவருக்கு வேண்டியது சபதமும் அதன் முடிவும். வேறு யாருக்காவது வேண்டியிருந்ததா? 1943ல் மலேயாவில் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்த தமிழர்கள் ஆயிரக் கணக்கில் நேதாஜியின் படையில் சேர்ந்து துப்பாக்கி பிடிக்கக் கற்றார்கள். தோட்டத்துப் பெண்கள் சிங்கப்பூரில் ஜான்ஸி ராணிப் படையில் கவாத்துப் பழகினார்கள். கங்காணிக்குக் குனிந்த முதுகு நிமிர்வதற்கு எத்தனை வாரம் ஆயிற்று என்று சொல்லும் நாவல் நம்மிடம் இருக்கவேண்டும். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) அந்தக் காலத்தையும் அந்த மண்ணையும் அற்புதமாகச் சொல்கிறது. ஆனால் அதன் பாண்டியன் யாராலும் செய்யப்பட்டவன் அல்ல. தானே ஒரு தனிப் பிறவி. விஞ்ஞானக் கதையில் நமக்கு வழிகாட்டி சுஜாதா. 'என் இனிய இயந்திரா'வில் ஒரு சர்வாதிகார ராஜ்யத்தையே கட்டினார். அதில் நம் மனசைக் கவர்ந்தது ஜீனோ என்ற இயந்திர நாய்தான். அந்த ராஜ்யத்தின் காவல்காரன் எந்த ஊர்ப் பையன், அவனை எப்படி அப்படி ஆக்கினார்கள் என்று நாம் கேட்கவில்லை. நாய் அவ்வளவு நன்றாகப் பேசியது.

இப்போது எங்கள் ஊர்ச் சாலைக்கு வருகிறேன். விடிய நாலரை மணிக்கு, சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கியில் எரியும் ஜ்வாலைதான் அங்கே பாதி வெளிச்சம், நிற்கிற லாரிகளை ஒட்டிப் பத்துப் பதினைந்து பையன்கள் ஓடுவார்கள். பட்டாளத் தேர்வுக்கு ஓடுகிறவர்கள். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிஷத்துக்குள் ஓடினால் முழு மார்க். அதைத் தாண்டினால் மார்க் குறையும். பத்துத் தரம் கம்பியில் தொங்கி மோவாயை மேலே கொண்டுவரவேண்டும். ஒன்பதடிப் பள்ளத்தைத் தாண்டவேண்டும். அதற்கு முன்னால் எழுத்துப் பரீட்சை. 2022 ஜூனில் அரசாங்கம் கொண்டுவந்த அக்னிபத் திட்டத்தில், பதினேழரை வயதிலிருந்து இருபத்தொரு வயதுக்குள் இத்தனையும் தேறிச் சேர்ந்தாலும் சேவை நாலு வருஷம்தான். நூற்றுக்கு இருபத்தைந்து பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள். மற்ற எழுபத்தைந்து பேர் கையில் ஒரு தொகையோடு வீட்டுக்கு வந்துவிடவேண்டும். அந்த நாலு வருஷத்திலேயே பயிற்சி மாதங்களும் அடக்கம்.

திட்டம் நல்லதா கெட்டதா என்று ராணுவம் தெரிந்தவர்கள் விவாதிக்கட்டும். நாவலாசிரியனாக எனக்குத் தெரிவது இது: ஹைன்லைன் ஒரே வாக்கியத்தில் இறக்கிவிட்ட ஆயிரத்து எண்ணூறு பேரும் இங்கே குடியிருக்கிறார்கள். பதினைந்து விநாடியில் தவறினவன் கண்டெய்னர் கிடங்கில் சீல் எண் எழுதிக்கொண்டிருக்கிறான். மார்பு விரிவு போதாமல் திரும்பினவன் மாவுக் கடை வைத்திருக்கிறான். இரண்டு பேரும் இன்னும் பட்டாளத்துக் கிராப்புத்தான் வெட்டிக்கொள்கிறார்கள். மழைக் காலத்தில் கொசஸ்தலை ஆறு தெருவுக்குள் வரும்போது, 2015லும் வந்தது, 2021லும் வந்தது, 2023லும் வந்தது, யாரும் சொல்லாமலே கயிறு கட்டி, கிழவிகளைத் தூக்கி, வரிசை பிடித்துச் சாமான் கடத்துகிறவர்கள் இந்தத் தேறாதவர்கள்தான். யாரும் கற்றுக்கொடுக்காத ஒரு கவாத்து அவர்களிடம் இருக்கிறது. அதற்கு மெடல் கிடையாது.

மேல்நாட்டில் இப்படிக் கற்பனைப் பட்டாளம் நடத்துகிறவர்கள் தங்கள் பயிற்சிப் புத்தகங்களை எவ்வளவு ஆசையாக எழுதுகிறார்கள் என்பதற்கு ஒரு காரணம் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். சண்டையில் ஜெயிக்கும் ஆசை குழந்தைகளுக்குப் போதும். பெரியவர்களுடைய ஆசை வேறு: யாராவது நம்மை வரிசையில் நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, "இருக்கிறேன்" என்று சொல்லவைக்கவேண்டும், கஷ்டமான ஒன்றைக் கொடுத்து, அதை முடித்தபின் "நீ எங்களில் ஒருவன்" என்று சொல்லவேண்டும். 'வார்ஹாமர் 40,000' என்ற மேஜை விளையாட்டுக்காரர்கள் இந்த ஆசையைப் பரிகாசம் பண்ணியே ஒரு சிப்பாய்க் கைப்புத்தகம் போட்டிருக்கிறார்கள். எதிரிகள் எல்லாம் சோப்ளாங்கிகள், உன் துப்பாக்கிக்கு முன் நிற்கமாட்டார்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் பொய் சொல்கிற புத்தகம் அது. விளையாடுகிறவர்களுக்கு அது பொய் என்று தெரியும்; சிரித்துக்கொண்டே வாங்குகிறார்கள். சிரிப்பதற்கு அங்கே வசதி இருக்கிறது. அவர்களில் யாரும் திங்கட்கிழமை காலை கயிறு தாண்டப் போவதில்லை.

என்னிடம் வந்த கையெழுத்துப் பிரதியில் சிரிப்பு இல்லை. கைச்சாடைகளும் பிடித்துக்கொள்ளும் பாடமும் எழுதின அதே கையால், பன்னிரண்டாவது வாரத்துக்குப் பிறகு ஒரு பதிமூன்றாவது வாரமும் எழுதப்படுமானால் தமிழில் இதுவரை இல்லாத ஒரு கதைக்கு அது ஆரம்பமாக இருக்கும். செவ்வாய் கிரகத்துக்கு அப்பால் ஏதோ ஒரு முகாம். கவசத்தைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையொப்பம் போட்டுவிட்டு, ஒருவன் பூமிக்குப் போகும் சரக்குக் கப்பலில் மூட்டைகளோடு உட்கார்ந்திருக்கிறான். ஊர் போய்ச் சேர எட்டு மாதம் ஆகும். கப்பலில் சத்தம் உண்டு, எடை உண்டு, பேசலாம். பக்கத்து ஆள் ஏதோ கேட்கிறான். இவன் வாயைத் திறக்காமல், பழக்கத்தில், கையால் சாடை காட்டுகிறான்.